சிஐ, யூசிஇ, ஜே: மூன்று தலைமுறை புல்லட்டும் கைக்கு வரும் அதிர்வும்

ராயல் என்ஃபீல்டின் புது கிளாசிக் 350-ல் வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் போய் நின்றால், பக்கத்தில் பழைய புல்லட்டில் நிற்பவரிடமிருந்து வரும் கிண்டல் அநேகமாக இதுதான்: “இன்னாபா, வண்டி ஆன்லதான் கீதா?” இதில் உள்ள ஜே-சீரிஸ் என்ஜின் ஐடிலில் (த்ராட்டிலைத் தொடாமல் நிற்கும்போது) அவ்வளவு அடங்கிவிட்டது. பழையதில் ஐடிலில் டேங்க் ஆடும், கண்ணாடி ஆடும், சைடு ஸ்டாண்டில் விட்டால் வண்டியே மெல்ல நகரும். இதை வைத்து “பழசு அதிரும், புதுசு அதிராது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி என்று ஊருக்குள் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுகிறவருக்கு, பழைய சிஐ, நடுவில் வந்த யூசிஇ, இப்போதைய ஜே என்ற மூன்று என்ஜின்களும், ஒழுங்காகப் பராமரித்திருந்தால், ஒரு பெரிய வித்தியாசம் காட்டாது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் 90-ல் நிலையாக ஓட வேண்டுமென்றால் 350-களில் ஜே மட்டும்தான். கை மரத்துப் போகும் விஷயத்தில் மூன்றில் மோசமானது நடுவில் வந்த யூசிஇ, பலரும் நினைப்பது போல சிஐ இல்லை.

முதலில் எது எது என்று பார்த்துவிடலாம். சிஐ என்பது வார்ப்பிரும்பு சிலிண்டர் போட்ட பழைய புல்லட்: 346 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. 2000-களில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அலுமினிய லீன்-பர்ன் (பெட்ரோலைக் குறைத்து எரிக்கும்) என்ஜின் தண்டர்பேர்டிலும் மச்சிஸ்மோவிலும் வந்தது. 2008-ல் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்கில் தொடங்கி, 2009 முதல் கிளாசிக்கில் பெயர் வாங்கியது யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் என்ஜின்): என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில், அதே 70 × 90, 5250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 19.8 பிஎச்பி. 2020 நவம்பரில் மீட்டியோரோடு வந்தது ஜே: 349 சிசி, 72 × 85.8, 6100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி. 2021-ல் கிளாசிக், 2022-ல் ஹன்டர், 2023-ல் புல்லட் என்று அதே என்ஜின் வரிசையாக எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

காகிதத்தில் பார்த்தால் யூசிஇக்கும் ஜேவுக்கும் பவரில் அரை பிஎச்பிகூட வித்தியாசம் இல்லை. டார்க்கில் (சுழற்றும் விசையில்) ஜே ஒரு படி குறைவு: யூசிஇ 28 நியூட்டன் மீட்டர், ஜே 27. ஷோரூமில் இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டு “இதுக்கு இவ்ளோ காசா?” என்று கேட்பவர்கள் உண்டு. காசு போன இடம் வேறு.

சிங்கிள் சிலிண்டரில் பிஸ்டன் மேலே போய் நின்று கீழே திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் எடை என்ஜினை உதைக்கிறது. கிராங்கில் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டில்) எதிர் எடை வைத்து இதை முழுசாக அடக்க முடியாது. மேல்-கீழ் உதையை முற்றிலும் ரத்து செய்யும் அளவுக்கு எடை வைத்தால், கிராங்க் கால் சுற்று திரும்பியதும் அந்த எடையே அதே பலத்தில் முன்-பின்னாக உதைக்கும். அதனால் ஏறக்குறைய பாதியை மட்டும் ஈடுகட்டிவிட்டு, மிச்சத்தை ஓட்டுகிறவர் தலையில் கட்டுவார்கள். இந்த மிச்சம் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3000-ல் இருந்து 4500-க்குப் போனால் சுற்று ஒன்றரை மடங்குதான், உதை இரண்டேகால் மடங்கு. 75-ல் சாதுவாக இருந்த வண்டி 95-ல் திடீரென்று ஆளே மாறியது போல நடந்துகொள்வது இதனால்தான்.

ஜேவில் கிராங்குக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. ஒரு கையில் மட்டும் நிறைகுடம் தூக்கினால் உடம்பு ஒரு பக்கம் சாயும், மறு கையிலும் ஒன்றைக் கொடுத்தால் நிமிரும். அந்த இரண்டாவது குடத்தின் வேலைதான் இதற்கு. எதிர் எடையும் பேலன்சரும் மேல்-கீழ் திசையில் ஒன்றுக்கொன்று துணை, முன்-பின் திசையில் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ராயல் என்ஃபீல்டில் இது 350-களுக்கு முன்பே 2016 ஹிமாலயனின் 411 சிசி என்ஜினில் வந்துவிட்டது. அதை ஓட்டியவர்களுக்கு ஜே ஒரு அதிசயமாகப் பட்டிருக்காது.

சிஐயிலும் யூசிஇயிலும் பேலன்சர் கிடையாது. அப்படியிருக்க யூசிஇ ஏன் அதிகமாகக் கடிக்கிறது? சிஐ அந்த ஆர்பிஎம்முக்குப் போக விரும்பாது. கனமான ஃப்ளைவீல், மெதுவாக மூச்சு விடும் ஹெட், நாலு கியர். 65-70-ல் அது தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடும். ஐடிலில் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று என்று வைத்தால் விநாடிக்கு ஆறேழு வெடிப்பு, அந்த ஆட்டம் பெரியது, மெதுவானது. உடம்புக்கு அது தாலாட்டுப் போலத்தான் தெரியும், கையை மரக்கச் செய்யாது. யூசிஇக்கு ஐந்தாவது கியரும் சுலபமாகச் சுற்றும் குணமும் கொடுத்து, 90-க்கு மேல் போகும் ஆசையையும் காட்டிவிட்டு, அங்கே போனதும் வரும் அதிர்வுக்கு மட்டும் மருந்து கொடுக்காமல் விட்டார்கள். 4000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 67 சுற்று, 5000 என்றால் 83. ஆட்டத்தின் அளவு சிறுத்து, வேகம் கூடி, ஊசி குத்துவது போன்ற நடுக்கமாக மாறும் இடம் இது. ஃபுட்ரெஸ்ட் வழியாக உள்ளங்காலுக்கு, கிரிப் வழியாக விரலுக்கு. வேலூரில் கிளம்பி காவேரிப்பாக்கம் போய்ச் சேரும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதே வண்டியை 75-80-ல் ஓட்டினால் புகாருக்கே இடமில்லை.

இதே வரிசையின் 500-ஐப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஸ்ட்ரோக் அதே 90, போர் 84. பிஸ்டன் பெரிது, எடை அதிகம், பேலன்சர் இல்லை. இழுவை அருமை, 90-க்கு மேல் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று சொல்ல முடியாது.

ஏவிஎல்லைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிஐயைவிடக் கொஞ்சம் சுத்தமான ஓட்டம், அலுமினிய சிலிண்டர் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கும். பேலன்சர் இதிலும் இல்லை. உதிரி பாகம் தேடுவது சிஐயைவிடச் சிரமம். நல்ல நிலையில் கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை.

பழைய வண்டிகளில் என்ஜின் தலைமுறை மேல் போடும் பழியில் பெரும்பகுதி பராமரிப்பின் மேல் போட வேண்டியது. சிஐ வைத்திருப்பவர் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை. ஹெட்டை ஃப்ரேமோடு பிடிக்கும் ஹெட் ஸ்டே முதலில். அதன் நட்டு அரைத் திருப்பு தளர்ந்தாலே ஹேண்டில்பாரில் தெரியும். என்ஜின் பிளேட் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தாலும் அதை மட்டும் முறுக்கிவிட்டுப் போகக் கூடாது. எல்லாவற்றையும் சற்று தளர்த்தி, என்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, ஆறிய நிலையில் வரிசையாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் பிளேட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, புது அதிர்வு ஒன்றைக் கிளப்பும்.

அடுத்தது டாப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராடைத் தள்ளும் பாகம். காலையில் என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கட்டும். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. இதில் ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை. “சத்தம் வருது” என்று ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அப்படி இறுக்கினால் சூடானதும் வால்வு சீட்டில் உட்காராது, கம்ப்ரஷன் ஒழுகும், ஐடில் தள்ளாடும், கிக்கர் கால் வைத்ததும் தொளதொளவென்று இறங்கும்.

பாயின்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை, பேச்சில் பிளாட்டினம்) போட்ட வண்டி என்றால் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேமில் உராயும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க் டைமிங் பின்தங்கும். அப்புறம் என்ஜின் சூடேறும், இழுவை போகும், த்ராட்டிலை முறுக்க முறுக்க வெறும் நடுக்கம்தான் மிஞ்சும். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடில் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் ப்ரைமரி செயினில் மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. அளவுக்கு மேல்-கீழ் ஆட்டம் இருக்க வேண்டும். அது தளர்ந்து கேஸில் அடிக்கும் சத்தத்தைப் பலர் கிராங்க் பேரிங் போய்விட்டது என்று நினைத்து என்ஜினையே பிரித்துவிடுகிறார்கள்.

யூசிஇயில் டாப்பெட் ஹைட்ராலிக். செட் பண்ண எதுவும் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்த சில விநாடிகள் டிக் டிக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், ஆயில் ஏறியதும் அடங்கும். சூடான பிறகும் தொடர்ந்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். நம்மூர் மே மாதத்தில், ஆம்பூர் பைபாஸ் தார் ரோடு கொதிக்கும்போது, இந்த ஏர்-கூல்டு என்ஜின் ஆயிலை நன்றாகவே சாப்பிடும். 15டபிள்யூ50 போட வேண்டிய இடத்தில் “பிக்கப் கூடும்” என்று யாராவது மெல்லிய கிரேடை நீட்டினால் வாங்காதீர்கள். ஆயில் இளகினால் லிஃப்டர் (அந்த ஹைட்ராலிக் டாப்பெட்) இறங்கும், சத்தமும் நடுக்கமும் சேர்ந்து கூடும்.

இப்போது ஜே. பொன்னேரியில் திரும்பி ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசிகளில் இதன் குணம் தெளிவாகத் தெரியும். மூன்றாவது கியரில் ஆர்பிஎம்மை நன்றாகக் கீழே விட்டுவிட்டு த்ராட்டிலைத் திறந்தாலும் செயின் அடிக்காமல், ஃப்ரேம் குலுங்காமல் ஏறும். யூசிஇயில் அதே இடத்தில் ஒரு கியர் இறக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் வண்டி மொத்தமும் உதறும். நெடுஞ்சாலையில் 80-90-ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்கலாம். ஒரு நாளில் பெங்களூரு போய் வருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேலன்சரோடு கதை முடிந்துவிடவில்லை. பழைய கிளாசிக்கின் ஃப்ரேமில் முன்பக்கம் ஒற்றைக் குழாய்தான், என்ஜினே ஃப்ரேமின் ஒரு பாகமாக வேலை செய்தது. புது கிளாசிக்கில் இரட்டைக் குழாய். என்ஜின் தரும் மிச்ச அதிர்வுக்கு ஃப்ரேம் ஒத்தூதாமல் இருப்பதற்கு இந்த விறைப்பும் ஒரு காரணம்.

குறையும் உண்டு. பேலன்சர் அடக்குவது முதல்நிலை அதிர்வை மட்டும். கிராங்க் ஒரு முறை சுற்றும்போது இரண்டு முறை வரும் இரண்டாம் நிலை அதிர்வு அப்படியே இருக்கிறது. அதனால் 100-ஐத் தாண்டினால் ஜேவிலும் ஃபுட்ரெஸ்டில் மெல்லிய ரீங்காரம் வரும், 110-ல் மூச்சும் வாங்கும். அந்த வேகத்தில் தினமும் ஓடுகிறவர் எந்த 350-யும் வாங்கக் கூடாது. ஒரே என்ஜின் என்றாலும் மீட்டியோரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், ஹன்டரில் கால் பின்னால் மடங்கியிருக்கும், ஃபுட்ரெஸ்ட் ஃப்ரேமில் பிடிக்கும் இடமே வேறு. அதனால் அதிர்வும் ஒரே மாதிரி வராது. டெஸ்ட் டிரைவில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவெடுக்காமல், சர்வீஸ் ரோட்டை விட்டு நெடுஞ்சாலையில் ஏறி 90-ல் பத்து நிமிடம் ஓட்டிக் கேளுங்கள்.

“டப் டப் போச்சு” என்ற புகாருக்கு என் பதில்: போகவில்லை, குறைந்திருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர ஆஃப்டர்மார்க்கெட் சைலன்சர் மாட்டுகிறவர்கள் கூடவே அதிர்வையும் வாங்கிக்கொள்கிறார்கள். கம்பெனி பிராக்கெட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக போல்ட் அடித்தால், சைலன்சரின் நடுக்கம் முழுவதும் ஃப்ரேமுக்கு ஏறும். கொஞ்ச நாளில் பிராக்கெட் வெல்டில் விரிசலும் விடும்.

ஹேண்டில்பார் முனையில் போடும் பார்-எண்ட் வெயிட்டும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது அதிர்வை உறிஞ்சுவதில்லை. குழாயின் இயல்பான அதிர்வெண்ணைக் கீழே இறக்கி, நடுக்கம் அதிகமாகத் தெரியும் ஆர்பிஎம்மை வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. 85-ல் கை மரத்த யூசிஇயில் போட்டால் 85 சரியாகி, 70-ல் புதிதாக ஒன்று தொடங்கலாம். எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போட்டால் பலன் உண்டு. கிரிப்பை மிருதுவானதாக மாற்றுவது செலவு குறைந்த முதல் படி.

என்ஜினைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. பள்ளிகொண்டா பக்கம் காலி ரோடு கிடைக்கும்போது, நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்சைப் பிடித்து என்ஜினை ஐடிலுக்கு விடுங்கள். நடுக்கம் உடனே நின்றால் என்ஜின் பக்கம். வண்டி உருளும் வரை தொடர்ந்தால் டயர், ரிம், வீல் பேரிங். அடுத்து, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். ஆர்பிஎம் ஏறியதும் நடுக்கம் மாறினால் சந்தேகமே வேண்டாம், என்ஜின்தான். த்ராட்டிலைத் திறக்கும்போதும் மூடும்போதும் மட்டும் டக்கென்று அடித்தால் செயினையும் பின் ஹப்பில் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் கஷ் ரப்பரையும் பாருங்கள். செயின் தளர்வு 25-30 மி.மீ. இருக்கிறதா என்று ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் விறைப்பும் ஓரிடத்தில் தொங்கலுமாக இருந்தால் செயின் கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரப்பரைச் சோதிக்க, சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருகினால் போதும்.

பேலன்சர் இல்லாத வண்டிகளில் நம்பர் பிளேட், பின் மட்கார்டு, ஹெட்லைட் ரிம், ஃபுட்ரெஸ்ட் நட்டு ஆகியவற்றைச் சர்வீசுக்குச் சர்வீஸ் பார்க்க வேண்டும். நைலாக் நட்டு போடலாம், அல்லது கழற்றக்கூடிய நீல வகை த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட்டே முறியும்.

பட்ஜெட் இருப்பவர்களுக்கு 650 ட்வின் பற்றி ஒரு வார்த்தை. 648 சிசி, இரண்டு சிலிண்டர், கிராங்க் 270 டிகிரி. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய பிரிட்டிஷ் ட்வின்கள் அதிர்வில் சிங்கிளுக்குச் சளைத்தவை இல்லை. 270-ல் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது வழியில் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாம் நிலை அதிர்வு ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். மிச்சத்தைப் பேலன்சர் பார்த்துக்கொள்ளும். ஜே 100-ல் முணுமுணுக்கத் தொடங்கும் இடத்தில் இது பேசாமல் ஓடும். காட்பாடி ஜனத்துக்கு நடுவே தினமும் மாலை ஓட்ட மட்டும் அதை வாங்குவது வீண், வெயிலில் தொடையும் வேகும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்களுக்கு: யூசிஇயை முழுக்க ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். செல்ஃப் அழுத்தும்போது கரகரவென்று வழுக்கினால் ஸ்ப்ராக் கிளட்ச் (செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் பாகம்) போகிற வழியில் இருக்கிறது, விலையில் கழியுங்கள். ஜேயில் கண்ணாடி ஐடிலிலேயே கலங்கினால் ஏதோ தளர்ந்திருக்கிறது, அந்த என்ஜினுக்கு அது இயல்பில்லை. சிஐ வாங்குகிறவர் என்ஜினுக்கு முன் ஆர்.சி.யைக் கேளுங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் புதுப்பித்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். கிராங்க்கேஸில் பொறித்த நம்பரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப் பார்த்த பிறகு கிக்கரில் கால் வையுங்கள்.